குழந்தையின் முதற் பசியாறல்

(கிளைச் சங்க மாதர் பகுதியின் மாதக் கூட்டத்தில் தோட்டத்துக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் காலைப் பசியாறலாக எந்தத் தானியத்தைக் கொடுப்பது, அதை எப்படிக் கொடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் இவர் கூழைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். "கிராணியாருக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை?" என்று முன் வரிசையில் ஒரு பாட்டியம்மா மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாம் கூலி உயர்வு கேட்பது எதற்காக? அந்த வெள்ளி நம் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் நல்ல ஆகாரமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தானே? 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்பது தெரியவந்தது. அதாவது ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை. இந்தக் குறை பள்ளிக்கூடம் போகும் வயதில் உண்டாவதில்லை. வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த முதல் இரண்டு வருஷத்திலும் உண்டாகிறது. அதிலும் தாய்ப்பாலோடு வேறு ஆகாரம் சேர்க்கத் தொடங்கும் ஆறாம் மாதத்திலிருந்து பல பிள்ளைகளின் எடைக்கோடு கீழே சாய ஆரம்பிக்கிறது. ஆகவே இது அடுப்பங்கரை விஷயம் மட்டுமல்ல. நமது சங்கத்தின் விஷயமும்தான்.

எப்பொழுது தொடங்குவது?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. தண்ணீர்கூட வேண்டாம். 180 நாள் நிறைந்த பிறகு கூழ் முதலான ஆகாரங்களைச் சேர்க்கவேண்டும். ஆனால் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. இரண்டு வயது வரையிலும், அதற்குப் பிறகும்கூடத் தாய்ப்பால் கொடுக்கலாம். பால் மறக்கடிப்பது என்றால் ஒரே நாளில் வெட்டிவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கூழ் பாலுக்குத் துணையாக வருகிறது. பாலின் இடத்தை மெள்ள மெள்ளத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் மாதத்திலேயே கூழ் ஊட்டினால் பிள்ளை சீக்கிரம் கொழுகொழுவென்று ஆகிவிடும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. மரம் சீவுகிற உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டியதில்லை. சுற்றளவு 50 சென்டிமீட்டர் வராத இளமரத்தில் நாம் உளி வைப்பதில்லை. வைத்தால் பாலும் சரியாக வராது, மரமும் தேறாது. குழந்தையின் குடலும் அப்படியே. காலம் வருமுன் கூழ் கொடுத்தால் தாய்ப்பால் குறையும், வயிற்றுப்போக்கு வரும். அதே சமயம் எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று தள்ளிப்போடுவதும் தவறு. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் உள்ள சக்தியும் இரும்புச் சத்தும் மட்டும் போதா.

தலை நிமிர்ந்து நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோகிறதா, கரண்டியில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் நிறைந்து இவையும் இருந்தால் குழந்தை தயார் என்று பொருள்.

சின்ன வயிறு, பெரிய தேவை

இனி ஒரு கணக்குச் சொல்லுகிறேன். செக்ரோல் எழுதுகிறவனுக்குக் கணக்குத்தானே தெரியும்!

ஆறிலிருந்து எட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் போக வெளி ஆகாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி சக்தி வேண்டும். ஒன்பதிலிருந்து பதினோரு மாதம் வரை 300 கலோரி. ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி. குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. ஒரு கிலோ எடைக்கு 30 கிராம் ஆகாரம் கொள்ளும் என்பது கணக்கு. எட்டுக் கிலோ குழந்தையானால் ஒரு வேளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் கொள்ளாது.

நம் வீடுகளில் ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு போட்டு, நீர்க்கக் காய்ச்சிக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு இலேசாகச் செரிக்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஒரு மேசைக்கரண்டி மாவில் 35 கலோரி அளவுதான் கிடைக்கும். 200 கலோரி கிடைக்கவேண்டுமானால் இந்தக் கஞ்சியை ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கவேண்டும். எந்தக் குழந்தையால் முடியும்? அது ஒரு கோப்பை குடித்துவிட்டு வயிறு நிறைந்து தூங்கிவிடும். தாய்ப்பாலும் குடிக்காது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்போ பட்டினி கிடக்கிறது. பிள்ளை சாப்பிட்டும் தேறவில்லையே என்று தாய் ஏங்குவதற்குக் காரணம் பல சமயங்களில் இதுதான்.

இப்பொழுது அரைக் கோப்பைத் தண்ணீருக்கு ஒன்றரைக் கரண்டி மாவு போட்டுக் கெட்டியாகக் கிண்டுங்கள். 50 கலோரி. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுங்கள். இன்னொரு 40 கலோரி. கொஞ்சம் மசித்த மீனோ பருப்போ சேர்த்தால் 100 கலோரிக்குக் குறையாது. காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை கொடுத்தால் 200 கலோரி வந்துவிட்டது. மாவுச் செலவு மூன்று கரண்டிதான்.

பதம் பார்க்க அளவுக் கருவி வேண்டியதில்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கூழ் ஓடக்கூடாது, கரண்டியிலேயே நிற்கவேண்டும். முதல் சில நாட்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தியாகக் கொடுத்து, பிறகு கெட்டியாக்கிக்கொண்டு போகலாம். முதலில் இரண்டு மூன்று கரண்டி. அப்புறம் அரைக் கோப்பை வரை. எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும் கொடுக்கவேண்டும்.

அரிசியைப் பற்றி மலாயா கற்ற பாடம்

எந்தத் தானியம் நல்லது என்று சொல்வதற்கு முன், இந்த நாட்டிலேயே நடந்த ஒரு சரித்திரத்தை நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மரத்துப்போகும், பிறகு இருதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். ஆனால் தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் அபூர்வமாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், நம்மவர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள் என்பதே அவர் கண்ட வேறுபாடு.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நெகிரி செம்பிலான் ஜெலுபுப் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். வெள்ளையரிசி சாப்பிட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்குத்தான் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள்.

தொழிலாளர்களின் உயிரிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருப்பதும், பல்லில் படாமல் வழுக்கிக்கொண்டு போவதும் சத்துக்கு அடையாளமாகா. குழந்தைக்குத் தானியம் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கள் ஒவ்வொன்றாக

முதலாவது அரிசி. எளிதில் செரிக்கும், எங்கும் கிடைக்கும். தொடங்குவதற்கு ஏற்றது. புழுங்கலரிசியாக இருந்தால் மேலும் நல்லது. ஆனால் அரிசி ஒன்றையே மூன்று வேளையும் கொடுப்பது சரியல்ல. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகக் குறைவு. மேலும், தண்ணீர் தேங்கிய வயலில் விளைவதால் நெல் மண்ணிலுள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சை மற்றத் தானியங்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்கிறது. பயப்படவேண்டியதில்லை. தானியத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது கேழ்வரகு. நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கப்பலேறும்போதே கூடவே கொண்டுவந்த பழக்கம் இது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு வெள்ளையரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து அது. கறுப்பாக இருக்கிறதென்று கேழ்வரகை ஒதுக்கிவிட்டு, வெள்ளையான மாவை அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. சற்று முன் சொன்ன சரித்திரத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது கோதுமை ரவையும் ஓட்சும். இரண்டும் நல்லவை. அரிசியைவிடப் புரதம் அதிகம். ஓட்சை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கவேண்டும். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத சாதா ஓட்சாக வாங்குங்கள்.

நான்காவது சவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு. இவை ஏறக்குறைய வெறும் மாவுச் சத்து. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறையின் வாரிசுகள் நாம். பசியை அது அடக்கும். பிள்ளையை அது வளர்க்காது. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று சவ்வரிசிக் கஞ்சியையே தினமும் கொடுக்கவேண்டாம்.

இரும்புச் சத்து

குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து கொஞ்சம் இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. ஆறாம் மாத வாக்கில் அந்தச் சேமிப்புத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு வயது வரை அந்தச் சின்ன உடம்புக்கு, வேலை செய்யும் வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவருக்கு வேண்டிய அளவுக்குக் குறையாத இரும்புச் சத்து ஒவ்வொரு நாளும் தேவை. இரத்தம் ஊறுவதற்கும் மூளை வளர்வதற்கும் அதுவே ஆதாரம். தானியத்தால் மட்டும் இதை ஈடுசெய்ய முடியாது.

ஆகவே கூழோடு ஏதாவது ஒன்று சேரவேண்டும். கோழி ஈரல் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள், ஒரு சிறு கரண்டி. மற்ற நாட்களில் மீன், கோழி, ஆட்டிறைச்சி ஆகியவற்றில் ஒன்றை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். நெத்திலியை உப்புப் போகக் கழுவி, தலையும் முள்ளும் நீக்கி, வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் நினைத்தபோது அரைத் தேக்கரண்டி தூவலாம். முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். முட்டை, மீன், வேர்க்கடலை இவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போடவேண்டும் என்று முன்னே சொல்வார்கள். இப்பொழுது வைத்தியர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஒவ்வொன்றாக, கொஞ்சமாகத் தொடங்கலாம். வேர்க்கடலையை மட்டும் விழுதாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்கவேண்டும். முழுக்கடலை தொண்டையை அடைத்துவிடும்.

மாமிசம் சாப்பிடாத வீடுகளில் பருப்பு, பயறு, முருங்கைக்கீரை சேர்க்கலாம். அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் ஏறுவதற்குப் புளிப்பான பழச்சத்து வேண்டும். கூழுக்குப் பின் இரண்டு கரண்டி பப்பாளியோ கொய்யாவோ மசித்துக் கொடுங்கள். தேத்தண்ணி இதற்கு நேர் விரோதி. அது இரும்பை ஏறவிடாமல் தடுக்கிறது. காலையில் பிஸ்கோத்தைத் தேத்தண்ணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைக்கும் வழக்கம் நம் லயங்களில் பழையது, பாசமானது. ஆனால் அதில் சர்க்கரையைத் தவிரப் பிள்ளைக்கு வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

டின் மாவும் டின் பாலும்

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் பேசினார். மலாயாவில் குழந்தை வைத்தியம் பார்த்து வந்தவர் அவர். இனிப்புக் கட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும்படி தாய்மார்களைத் தூண்டுவதால் குழந்தைகள் சாகின்றன என்று அவர் பெரிய மனிதர்கள் நிறைந்த அந்தச் சபையிலேயே எடுத்துச் சொன்னார். "பாலும் கொலையும்" என்பது அந்த உரையின் தலைப்பு. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1981இல், தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களை விற்கும் முறைக்கு உலக நாடுகள் கூடி ஒரு நெறிமுறை வகுத்தன.

இனிப்புக் கட்டிப்பாலும் இனிப்புக் கிரீமரும் குழந்தைக்கு உகந்தவை அல்ல. டின்னைத் திருப்பி அதில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். பெரியவர்கள் குடிக்கும் சாக்கலெட் மாவும் மால்ட் மாவும் அப்படியே.

குழந்தைகளுக்கென்று விற்கும் தானிய மாவு வேறு விஷயம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. இரும்புச் சத்துச் சேர்த்த மாவாக இருந்தால் அது உண்மையிலேயே பயனுள்ளது. மாமிசம் சாப்பிடாத வீட்டுக்கு இன்னும் பயனுள்ளது. ஆனால் பார்த்து வாங்கவேண்டும். டின்னின் முன்புறத்தில் கொழுகொழு குழந்தையின் படம் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பின்புறத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அதிக எடையுள்ள பொருள் முதலிலும், குறைந்தது கடைசியிலும் எழுதவேண்டும் என்பது விதி. தானியம் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் வைத்துவிடுங்கள். குளுக்கோஸ், மால்ட்டோஸ், சுக்ரோஸ், தேன் என்பவையெல்லாம் சர்க்கரையின் வேறு பெயர்களே. இரும்பு சேர்த்திருக்கிறதா, எந்த மாதத்திலிருந்து கொடுக்கலாம், எந்தத் தேதிக்குள் தீர்க்கவேண்டும் என்பனவற்றையும் பாருங்கள்.

மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கூச்சப்படவேண்டாம். ஆபீசுக்கு டின்னைக் கொண்டுவாருங்கள். நாங்கள் படித்துச் சொல்லுகிறோம். கிராணிமார் இதை ஒரு கடமையாகவே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று இங்கே வந்திருக்கும் என் சகாக்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு மாவு

இனிச் செய்முறை. புழுங்கலரிசி அல்லது கேழ்வரகு மூன்று பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு. கல், தூசு நீக்கிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தனித்தனியே வாசனை வரும்வரை வறுத்து, நைசாக அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். தானியத்தில் குறைவான புரதத்தைப் பயறு நிறைவு செய்கிறது, பயற்றில் குறைவானதைத் தானியம் நிறைவு செய்கிறது. இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் அரையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். பூசண வாடை வந்த மாவைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து இலேசாக வறுத்து அரைத்தால் இன்னும் விசேஷம். முளை கட்டிய மாவில் கூழ் அவ்வளவு இறுகாது. ஆகவே அதே கோப்பையில் அதிக மாவு சேர்க்கலாம். அதிலுள்ள இரும்பும் உடம்பில் நன்றாக ஏறும். படிக்காத நம் பாட்டிமார் கண்டுபிடித்த முறை இது. முன் வரிசைப் பாட்டியம்மா தலையாட்டுகிறார்கள், பாருங்கள்!

கூழ் வெந்து இறக்கும் நேரத்தில் எண்ணெய், மசித்த பரங்கிக்காய் அல்லது கீரை, மீன் அல்லது முட்டை சேர்க்கவும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேனும் கூடாது. அது இனிப்புக்காக மட்டும் சொல்வதல்ல. குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி தேனில் இருக்கக்கூடும்.

விடியற்காலை வேலையும் குழந்தையின் கூழும்

இவ்வளவும் சரி, யார் கொடுப்பது? விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரைக்குள் இறங்கவேண்டும். குழந்தை கண் விழிக்கும்போது தாய் காட்டில் இருக்கிறாள். பாட்டியோ ஆயாவோதான் பசியாற வைக்கிறார்கள்.

முந்திய இரவுச் சோற்றைக் கரைத்து வைத்துவிட்டுப் போகவேண்டாம். சூட்டில் கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது. காலையில் காய்ச்சிய கூழையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக்கூடாது. இதற்கு ஒரு வழி உண்டு. காய்ச்சிய கூழுக்குப் பதில், வறுத்த மாவையும் நெத்திலிப் பொடியையும் சிறு போத்தல்களில் ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு அடுப்பும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் பத்து நிமிஷத்தில் புதுக்கூழ் தயார். ஆசிட் வந்த போத்தலோ பூச்சிமருந்து வந்த டின்னோ எத்தனை கழுவினாலும் மாவு வைக்க உதவாது.

கூழைக் கோப்பையிலும் கரண்டியிலும் கொடுக்கவேண்டும். பால் போத்தலில் கரைத்துக் கொடுக்கவேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பேசி ஊட்டவேண்டும். வேண்டாமென்று தலையைத் திருப்பினால் திணிக்கவேண்டாம். ஒரு புது ருசி பிடிக்கப் பத்துத் தடவைகூட ஆகலாம். வேலை முடிந்து வருகிற தகப்பன்மாரே, சாயங்காலக் கூழை நீங்கள் ஊட்டினால் மீசை ஒன்றும் குறைந்துவிடாது!

சங்கம் செய்யவேண்டியது

கடைசியாக நம் சங்கத்துக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டு வந்ததன் பலன் அது. ஆனால் வைத்தியர்கள் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது 180 நாள். 180லிருந்து 98ஐக் கழித்தால் 82 நாள். அந்த 82 நாளும் தாய் மரத்தடியிலும் பிள்ளை கொட்டகையிலும் இருக்கிறார்கள். காலம் வருமுன் கஞ்சியும், தேத்தண்ணியும், டின் பாலும் குழந்தையின் வாய்க்குள் புகுவது அந்த 82 நாளில்தான். தாய்க்கு அறிவில்லாததால் அது நடப்பதில்லை. நேரமில்லாததால் நடக்கிறது.

வேலை நேரத்தில் பாலூட்ட இடைவேளை வேண்டுமென்பது நம் ஆசை மட்டுமல்ல. அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 2000ஆம் ஆண்டு 183ஆம் உடன்படிக்கையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டின் 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டமும் வேலையிடத்து வீட்டு வசதியோடு குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. செம்பனை பெருகி ரப்பர் குறைந்து, நம் குடும்பங்கள் பல பட்டணத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி ஆயாக் கொட்டகையைக் கவனிக்காமல் விடுவதற்கு இடம் கொடுக்கக்கூடாது. இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பிள்ளைதான்.

ஆகவே நம் கிளை மூன்று காரியங்களை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும் என்று முன்மொழிகிறேன். கொட்டகையில் ஓர் அடுப்பும் வடிகட்டிய தண்ணீரும் வேண்டும். தாய்மார் பிழிந்து வைக்கும் தாய்ப்பால் கெடாமலிருக்க ஒரு குளிர்ப்பெட்டி வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்குக் கொட்டகைக்கு அருகிலுள்ள நிரைகளும், மரம் சீவி முடித்துப் பால் எடுக்கப் போவதற்குமுன் பிள்ளையைப் பார்த்துவர நேரமும் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. மனம்தான் தேவை.

நாம் நமக்குள் செய்துகொள்ளவேண்டியதும் ஒன்று உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் எடைக்கோடு ஒன்று இருக்கிறது. மாதாமாதம் எடை போட்டு அந்தக் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் கிளினிக்குக்கு உடனே போங்கள், லீவு எழுதித் தருவது என் பொறுப்பு. சம்பளச் சீட்டை நாம் எத்தனை கவனமாகப் பார்க்கிறோமோ அத்தனை கவனமாக அந்தக் கோட்டையும் பார்க்கவேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூன்று வீட்டார் மாவு அரைத்துக்கொண்டு வருவதாக மாதர் பகுதிச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அடுப்பு மூட்டி இங்கேயே கூழ் கிண்டிக் காட்டுவார்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் மட்டுமல்ல, தகப்பன்மாரும் ஆயாமாரும் தவறாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.